டிக்கெல் நழுவாமல் கட்டுவது எப்படி

மணமான யூதப் பெண்கள் தலைமுடியை மறைத்துக் கட்டும் துணிக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் டிக்கெல் என்று பெயர், எபிரேயத்தில் மித்பஹத். மும்பையின் பெனே இஸ்ரேல் யூதச் சமூகப் பெண்களுக்கு நெடுங்காலமாகச் சேலை முந்தானையே முக்காடு. முந்தானை சரியும், கை போய்க்கொண்டே இருக்கும். டிக்கெல் காலையில் கட்டினால் இரவு வரை கை படாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்கு முடிச்சைவிட அடியில் போடும் பட்டைதான் காரணம். அதைத் தைக்காமல் மேல்துணியை மட்டும் இறுக்குகிறவர்களுக்கு மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

முதலில் துணி. மும்பை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மல் (மெல்லிய பருத்தி) அல்லது காட்டன்-சில்க், 44 இஞ்ச் பன்னாவில் 2 மீட்டர் வாங்குங்கள். மல் சுருங்கும் என்பதால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். நீளவாக்கில் 28 இஞ்ச், 16 இஞ்ச் என்று இரண்டாக வெட்டினால் அகலமானது தலைத்துணி, ஒடுக்கமானது மேலே சுற்றும் பட்டி. ஓரங்களுக்குப் பீக்கோ போதும். மாட்டுங்காவிலும் தாராவியிலும் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிற கடைகளிலேயே அடித்துத் தருவார்கள். ஐந்தரை மீட்டர் பழைய சேலை இருந்தால் உடல் பகுதியில் இரண்டு தலைத்துணி, முந்தானையில் ஒரு பட்டி தேறும். கனமான காஞ்சிபுரம் பட்டு மட்டும் வேண்டாம். மடிப்பில் விறைத்து நிற்கும், ஜரிகை நெற்றியை அறுக்கும். பார்டரை மட்டும் எடுத்து, அடியில் காட்டன் லைனிங் கொடுத்துப் பட்டியாக்கலாம். பாலியஸ்டர் சாட்டினையும் ஒதுக்குங்கள், வழுக்கும்.

அடிப்பட்டை இரண்டரை இஞ்ச் அகலம். வெளிப்பக்கம் வெல்வெட், உள்ளே மல். தலைச்சுற்று 22 இஞ்ச் என்றால் வெல்வெட் 17, பின்னால் எலாஸ்டிக் 3. தையலுக்கு இருபுறமும் அரை அரை இஞ்ச் கூடுதல். வெல்வெட்டின் குட்டை இழைகள்தான் மேல்துணியைப் பிடித்து வைக்கின்றன. அந்தப் பக்கம் தலையைப் பார்த்துப் போய்விட்டால் பட்டை இருந்தும் பயனில்லை. உள்ளே சிந்தெடிக் வைத்தால் வியர்வையை உறிஞ்சாது. ஜூன் மாதப் புழுக்கத்தில் நெற்றியெங்கும் வேர்க்குருதான்.

கட்டும்போது முடியைத் தாழ்ந்த கொண்டையாகப் போட்டு, பட்டையை முன்முடி மறைய வையுங்கள். (முன்முடி கொஞ்சம் தெரியலாம் என்ற வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு.) தலைத்துணியின் நீள ஓரத்தை 2 இஞ்ச் உள்ளே மடித்து, நடுப்பகுதியை நெற்றியில் வைத்து, இரு முனைகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டைக்குக் கீழே குறுக்காக மாற்றி ஒற்றை முடிச்சு. பின்மண்டையில் ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். முடிச்சு அதற்குக் கீழே, பிடரிக்குழியில் விழ வேண்டும். மேட்டின் மேல் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் துணி பின்னோக்கிக் கழன்று வரும். மீதித் தொங்கல்களை எதிரெதிர் திசையில் முறுக்கிக் கொண்டையைச் சுற்றிச் செருகுங்கள். அதற்கு மேல் பட்டியைச் சுற்றிக்கொள்ளலாம். இரட்டை முடிச்சு தேவையில்லை. யூதர்களின் ஓய்வுநாளான ஷப்பாத்தில் அதைப் போடுவதைத் தவிர்ப்பவர்களும் உண்டு.

துணிக்குப் பதில் விக் வைக்கிறவர்களும் ஏராளம். அதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: விக்குகளுக்குப் போகும், திருப்பதியில் முடிகாணிக்கையாக இறக்கிய கூந்தல் வேற்று வழிபாட்டோடு சேர்ந்தது, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2004இல் ஜெருசலேமின் ரப்பி (யூத மதகுரு) யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்பளித்தபோது, பலர் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

அலங்காரத்தைக் கடைசியில் தொடுங்கள். ஏமனில் வெள்ளிக் கம்பி வேலையும் நாணயங்களும் தைத்த கார்குஷ் என்னும் யூதப் பெண்களின் தலையுறை கழுத்துவரை மூடும். அது வேறு வேலை. வீட்டில் செய்யத் தோதானது கிழக்கு ஐரோப்பாவின் ஷ்டெர்ன்டிக்கெல், முத்தும் கல்லும் தைத்த நெற்றிப்பட்டி. 12 இஞ்ச் நீளம், ஒன்றரை இஞ்ச் அகலத்தில் பக்ரம் (விறைப்பான உள்துணி) வெட்டி வெல்வெட்டால் மூடுங்கள். 4 மில்லிமீட்டர் முத்து ஒரு வரிசைக்கு 76. இரண்டு வரிசைக்கு உடைந்தது போக 160 வாங்கினால் சரியாக இருக்கும். புலேஷ்வர் கடைகளில் கிடைக்கும். இரட்டை நைலான் நூலில் ஐந்து முத்துக்கு ஒரு முடிச்சு போடுங்கள், அறுந்தாலும் ஐந்தோடு போகும். நடுவில் பெரிய கல் வைக்க ஆசை வரும். கனம் முன்னால் கூடினால் துணி புருவத்தில் இறங்கும் என்பதால் சிறு கற்களாகப் பிரித்துத் தைப்பதே நல்லது. இரு முனையிலும் 18 இஞ்ச் ரிப்பன் தைத்து, டிக்கெலின் மேல் கட்டிப் பின்னால் முடிச்சை மடிப்புக்குள் ஒளித்துவிடலாம்.

சிவப்பு, அரக்கு நிறங்களைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே முதல்முறை கட்டுங்கள். இல்லாவிட்டால் வியர்த்ததும் சாயம் நெற்றியில் இறங்கும். வெல்வெட் பட்டையைப் பிழியாமல், இஸ்திரி போடாமல் நிழலில் விரித்துக் காயவைத்துப் பிரஷால் இழையை நிமிர்த்துங்கள். இழை படிந்துபோன பட்டையைத் தூக்கிப்போட்டுப் புதிது தைத்துக்கொள்ளுங்கள்.