பித்தளை வேகன் கிட்: வேலை வரிசை தப்பினால் வரும் தவறுகள்

இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும், மாதிரி ரயிலுக்கான பித்தளை வேகன் கிட்டைத் திறந்தால் அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய தகடுகளும், ஒரு சிறு பையில் வெள்ளை உலோக வார்ப்புகளும் இருக்கும். அவற்றைச் சரக்கு வேகனாக்க அபூர்வமான கைத்திறன் தேவையில்லை. கெட்டுப்போகும் கிட்டுகளில் பெரும்பாலானவை, பிறகு செய்யவேண்டியதை முந்திச் செய்ததால் கெட்டவை.

வாங்கும் முன்னரே ஒரு தவறு நடக்கிறது. நம் மட்டக்களப்புக்குக் கோச்சி, அதாவது ரயில், ஓடும் பாதை அகலப் பாதை. தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. பிரிட்டிஷ் கிட்டுகளோ 1435 மி.மீ. பாதையில் ஓடிய வேகன்களுக்கானவை. அசலை 76இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:76 அளவில் நமது பாதை ஏறக்குறைய 22 மி.மீ. வரும், அந்த அளவு மாதிரிகளுக்குக் கடையில் கிடைக்கும் ‘டபுள் ஓ’ (OO) தண்டவாளம் 16.5 மி.மீ. முதல் கிட்டையே 22 மி.மீ.க்கு அகட்ட நினைக்காதீர்கள். அடிச்சட்டம் முழுவதையும் திரும்ப வடிவமைக்க வேண்டியிருக்கும். முதலாவதைக் கிட் சொல்லும் அளவிலேயே கட்டுங்கள்.

பாகங்களைத் தகட்டிலிருந்து கையால் முறுக்கிப் பிரித்தால் வளைந்துவிடும். கடினமான பலகையில் வைத்துக் கூரான உளியால் இணைப்பு நாக்கை வெட்டுங்கள். அப்புறம் மிச்சத்தை விளிம்போடு நீளவாக்கில் அராவுங்கள்.

ரிவெட் (தறையாணி) தலைகளைத் தகடு தட்டையாக இருக்கும்போதே எழுப்பிவிட வேண்டும். பின்பக்கத்துச் சிறு குழிகளைக் கூர்முனையால் அழுத்தினால் முன்பக்கம் மொட்டு எழும். மடித்த பிறகு அங்கே கருவி நுழையாது. மடிப்புக் கோடு, அதாவது பாதி ஆழம் அரித்த கோடு, பெரும்பாலும் மடிப்பின் உள்பக்கமாக வரவேண்டும். ஒரே தடவையில் மடியுங்கள். மடித்து, நிமிர்த்தி, திரும்ப மடித்தால் அந்த இடம் முறிந்துவிடும். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு உள்மூலையில் பற்றவைக்கும் ஈயம் (சோல்டர்) ஓடவிட்டால் மடிப்பு பலமாகும்.

அதிகம் பேர் கிட்டைக் கைவிடுவது ஈயம் பற்றவைக்கும் கட்டத்தில். ரேடியோ திருத்தும் சின்ன சோல்டரிங் அயனால் பித்தளையைத் தொட்டால், தகடு சூட்டை நாலாபக்கமும் இழுத்துக்கொள்ளும். ஈயம் ஓடாமல் உருண்டையாக நிற்கும். உடனே அயனை இன்னும் அதிக நேரம் பிடிப்பார்கள். பக்கத்தில் ஏற்கனவே ஒட்டியிருந்தது கழன்றுவிடும். 50 வாட் அளவில், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அயன், அகலமான முனை, சுத்தமான உலோகம், ஈயம் பரவ உதவும் பொஸ்போரிக் அமில பிளக்ஸ் ஆகியவை இருந்தால் மூட்டு ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். சூடு தாங்காமல் மேலே மின்விசிறியைப் போடுவது நம் ஊரில் வழக்கம். அந்தக் காற்று மூட்டைக் குளிரவைக்கும், சின்னப் பாகங்களைப் பறக்கவும் விடும். பிளக்ஸ் புகையும் நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே இழுக்கும்படி சிறு விசிறி ஒன்றை வையுங்கள். சமையல் மேசையில் இந்த வேலை வேண்டாம். பல சோல்டர்களில் காரீயம் இருக்கிறது.

சோல்டரிலும் வரிசை உண்டு. அடிச்சட்டத்துக்கு 188 பாகை செல்சியஸில் உருகுவது, மேல் தகடுகளுக்கு 145 பாகையில் உருகுவது, கடைசியில் வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70 பாகையில் உருகுவது. அப்படிச் செய்தால் புதிய மூட்டின் சூடு பழைய மூட்டைக் கழற்றாது. வார்ப்பை வழக்கமான சூட்டு அயனால் தொட்டால் வெண்ணெய்போல் உருகிப் போய்விடும், மீட்கவே முடியாது. 70 பாகை சோல்டர் வெறும் பித்தளையில் பிடிக்காது என்பதால், அந்த இடத்தில் முதலில் 145 பாகை சோல்டரை மெல்லப் பூசிவிடுங்கள்.

நான்கு சக்கரமும் தண்டவாளத்தில் படவேண்டும் என்பதற்காக இரண்டு அச்சையும் இறுக்கிவிடுவது இன்னொரு தவறு. ஒன்றின் சட்டம் அசையாமலும் மற்றதன் சட்டம் சற்று ஆடும்படியும் இருந்தால் வேகன் தடம் புரளாமல் ஓடும். அடிச்சட்டத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து முறுக்கல் உண்டா என்று பாருங்கள். மேற்கூட்டை ஏற்றிய பிறகு அதைத் திருத்த முடியாது. அச்சு முனை சுழலும் தாங்கிக் குழிக்குள் ஈயம் போகாமலிருக்க எண்ணெய் தடவிய ஈர்க்குத் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

அன்றன்றைய வேலை முடிந்ததும் கழுவாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு. வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அமில எச்சம் இருந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும், உருக்குச் சக்கரங்கள் துருவேறும். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்தூரிகையும் கொண்டு ஒவ்வொரு நாளும் தேய்த்துக் கழுவுங்கள். கழுவி முடியும்வரை சக்கரங்களை மேசைக்கே கொண்டுவர வேண்டாம்.

பெயின்டுக்கும் காலம் பார்க்க வேண்டும். மாரியில் ஸ்பிரே அடித்தால் ஈரத்தால் மேற்பரப்பு வெளுத்துப் போகும். கச்சான் வீசும்போது அடித்தால் தூசி ஒட்டும். மழையும் காற்றும் இல்லாத காலை நேரம் நல்லது. வெறும் பித்தளையில் நேரடியாக நிறம் பூசினால் உரிந்துவிடும் என்பதால், முதலில் உலோகத்தைப் பிடிக்கும் எட்ச் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். நிறம் நன்றாகக் காய்ந்ததும் தாங்கிகளைத் துடைத்து, அச்சுச் சட்டங்களை மெல்ல விரித்துச் சக்கரங்களைப் பொருத்துங்கள்.