குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர் தன் பழைய ஃபைலைத் தேடும்போது செய்யக்கூடாதவை

வளர்ந்த இல்லத்துக்கே போய் “என் ஃபைல் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். “வெள்ளத்தில் போய்விட்டது”, “கரையான் அரித்துவிட்டது” என்று பதில் வரும். அதோடு திரும்பிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இல்லம் என்பது அந்தக் குழந்தை வந்து இறங்கிய கடைசி நிறுத்தம் மட்டுமே. வழியில் வேறு மேசைகளிலும் காகிதம் சேர்ந்திருக்கும். எந்த மேசை என்பதை ஆண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சென்னை மாகாணம் 1920-லேயே சிறுவர் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் அதுதான் முதல். அதன்படி பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கோ இல்லத்துக்கோ அனுப்பியது நீதிமன்றம். 1986-இல் மத்தியச் சட்டம் வந்து ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நல வாரியம் அமைந்தது. 2000-க்குப் பிறகு குழந்தைகள் நலக் குழு. ஆகவே 1970-களில் அரசு இல்லத்தில் சேர்ந்தவர் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையைத் தேடி அலைவது வீண் வேலை. அப்போது அப்படி ஒரு குழுவே இல்லை; தேட வேண்டியது நீதிமன்ற ஆணையை.

தனியார், மிஷன் இல்லங்கள் வேறு கதை. பெற்றவரோ உறவினரோ நேரே கொண்டுவந்து விட்டுப் போயிருந்தால் ஆணை என்று ஒன்றே இருக்காது. அங்கே இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு, பக்கத்துப் பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்டர், மாற்றுச் சான்றிதழ், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு என்று போக வேண்டும். இல்லம் மூடியே போயிருந்தாலும் பள்ளி பெரும்பாலும் இருக்கும்.

வெளிநாட்டுக்குத் தத்துப் போனவர்களுக்கு இன்னொரு குழப்பம். “தத்துப் பத்திரம்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வெளிநாட்டுத் தம்பதி இங்கே தத்தெடுக்க அந்தக் காலத்தில் சட்டமே கிடையாது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் காப்பாளராக ஆணை வாங்கித்தான் குழந்தையைக் கூட்டிப்போனார்கள். அதனால் கேட்க வேண்டியது காப்பாளர் மனுவின் நீதிமன்ற ஆவணக் கட்டு. வெளிநாட்டுத் தத்து பற்றிய லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் நெறிமுறை வகுத்த பிறகு, குழந்தையைப் பற்றிய விவர அறிக்கையும் அந்தக் கட்டில் இருக்க வேண்டும் என்றானது. வீட்டில் பெட்டியில் கிடக்கும் பழைய ஆணை நகலில் மனு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பிறந்த தேதியை நம்பி மட்டும் தேடாதீர்கள். இல்லத்தில் வயதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டிருப்பார்கள். ஸ்கூலில் சேர்க்கத் தோதாக ஒரு தேதியைப் போட்டிருப்பார்கள். பெயரும் அப்படித்தான். சேர்ந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம் விட்டு, பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

காகிதம் கிடைத்ததும் அப்படியே நம்பிவிடுவதும் தவறு. “அநாதை” என்று எழுதியிருந்தால் இருவருமே இறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அப்பா போய், அம்மா கூலிக்குப் போக, சோற்றுக்கும் படிப்புக்கும் வழியாக இல்லத்தில் விட்ட பிள்ளைகள் ஏராளம். நீதிமன்ற முத்திரையைப் பார்த்துவிட்டு “நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று குமைபவர்களும் உண்டு. 1920 சட்டத்தின்படி, திருடிய பிள்ளையைப் போலவே போக்கிடம் இல்லாமல் தெருவில் திரிந்த பிள்ளையையும் நீதிமன்றத்தில்தான் நிறுத்தினார்கள். முத்திரை ஒன்றுதான், காரணம் வேறு. பெற்றவர் கைநாட்டோடு ஒப்படைப்புப் பத்திரம் இருந்தாலும் கொஞ்சம் நிதானியுங்கள். சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் போலிப் பத்திரங்களோடு வெளிநாட்டுக்குத் தத்துப் போனது 2005-இல் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. “பெற்றவளே வேண்டாம் என்றாள்” என்று முடிவு கட்ட ஒரு கைநாட்டு போதாது.

ஆர்.டி.ஐ. போட்டால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அதில் மனுப் போட முடியாது. தனியார் இல்லத்துக்கு நேரடியாகவும் போட முடியாது. அந்த இல்லத்திடமிருந்து அரசு அலுவலகம் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவலை அந்த அலுவலகத்தின் வழியாகக் கேட்கலாம்.

தத்துப் போனவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் வேர் தேடலுக்கென்றே, அதாவது தத்துப் போனவர் தன் பெற்றவரையும் பிறப்பையும் தேடுவதற்கென்றே, தனி விதி உண்டு. 18 வயது நிரம்பியவர் தானே மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து. மூன்றாம் ஆள் தேடுவதற்கு அனுமதி இல்லை. அதனால் “கண்டுபிடித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

அப்புறம், சிறுவயதுப் படத்தையும் ஊர்ப் பெயரையும் ஃபேஸ்புக்கில் போட்டுத் தேடும் பழக்கம். ஆசை புரிகிறது. ஆனால் கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்று, யாரிடமும் சொல்லாமல் இன்று பேரன் பேத்தியோடு இருக்கும் ஓர் அம்மாவின் வாசலில் அந்தப் பதிவு போய் நின்றால் என்ன ஆகும்? அந்த 2022 விதியும் பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்றே சொல்கிறது.

சரி, பெற்றவர்கள் சந்திக்க மறுத்துவிட்டால்? கண்டுபிடிக்கவே முடியாமல் போனால்? அப்போதும், எந்தச் சூழ்நிலையில், என்ன காரணத்துக்காக ஒப்படைத்தார்கள் என்பதைத் தத்துப் போனவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. விண்ணப்பத்தில் இதற்கென்று தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.