நின்றால் கொதிக்கும், ஓடினால் தணியும்

குன்றக்குடி சாலையில் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வெப்பமுள் நடுவிலேயே நிற்கும். காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலருகே நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சிவப்பைத் தொட்டுவிடும்.

மெக்கானிக் ஒருவர், இன்ஜின் சூடானதும் குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் கொதித்திருக்குமே! ஓட்டத்தில் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை மின்விசிறியுடையது.

வீட்டு முகப்புக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். முள் ஏறியது, விசிறி அசையவே இல்லை. பியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து விசிறியின் ரிலே, அதாவது அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்சுவிட்ச். ஹார்ன் ரிலேயும் அதே வகைதான் என்று உறுதிசெய்துகொண்டு மாற்றிப் போட்டேன், பயனில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்ததும் சீறிச் சுழன்றது. மிஞ்சியது, சூடேறியதும் விசிறியை ஓடவிடும், ரேடியேட்டரில் இருந்த வெப்ப சுவிட்ச். சாவியைத் திருப்பி வைத்து, அதன் இரு கம்பிகளையும் இணைத்தேன். விசிறி ஓடியது. அந்த நொடியின் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

முழுதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். புது சுவிட்ச் பொருத்தி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சமமாகக் கலந்து ஊற்றி, காற்றை வெளியேற்றினேன். இப்போது அதே நெரிசலில் விசிறி தானாக ஓடி, தானாக நிற்கிறது.