சீலியாக் நோயும் கெண்டைக்கால் பிடிப்பும்: கவனிக்க வேண்டியவை

குன்னூரிலும் கோத்தகிரியிலும் மார்கழி இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தால், பலரும் குளிரின்மேல் பழிபோட்டு விட்டுவிடுகிறார்கள். சீலியாக் நோய் உள்ளவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அவர்களுடைய சிறுகுடலில் சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகளைச் சிதைப்பதால், தசை சுருங்கி விரியத் தேவையான கால்சியம், மெக்னீசியம், வைட்டமின் டி ஆகியவை உணவிலிருந்து உடலில் சேராமல் போகலாம்.

பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, முன்பாதத்தை உடலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தபடி சதையை நீவிவிடுங்கள். அடிக்கடி வந்தால், மேலே சொன்ன மூன்று சத்துகளுடன் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் அளவுகளையும் பரிசோதிக்க மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தத்தில் மெக்னீசியம் சரியாகத் தெரிந்தாலும் உடலின் இருப்பு குறைந்திருக்கலாம். ஆனாலும் நீங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெக்னீசியம் ஆபத்தாக முடியும்.

மாத்திரையைவிட முக்கியமானது, குளூட்டன் எவ்வழியே நுழைகிறது என்று தேடுவது. ஊட்டி வர்க்கி மைதாவால் ஆனது என்பது தெரிந்ததே. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருப்பது பலருக்குத் தெரியாது. கால்சியம் மிகுந்த கேழ்வரகு மிக நல்லது, ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே அதையும் அரைத்தால், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவு கலந்துவிடும் என்பதால், கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் அரைப்பதே பாதுகாப்பு.

இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ கால்சியத்துடனோ சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

நோய் இன்னும் உறுதியாகாதவர்கள், பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.