கழுத்து நாளத்தைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று மலையகத்தின் தோட்டப்புற வைத்தியசாலைக்கு வரும் ஒருவருக்கு எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும்) பரிசோதனை செய்ய, பெரும்பாலும் அவரை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு முன்னரே வலது சோணையறையின் (உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை ஏற்கும் இதய மேலறையின்) அமுக்கத்தைக் கட்டிலருகில் கணிக்க உதவுவது கழுத்து நாளமே (சிரையே). அந்தக் கணிப்பு நாளத் துடிப்பின் அலைகளை வாசிக்கும்போது பிழைப்பதைவிட, அதற்கு முந்திய ஆயத்தத்தில் பிழைப்பதே அதிகம்.

நுவரெலியாக் குளிரில் நோயாளி ஸ்வெட்டரும் கழுத்தைச் சுற்றிய துண்டுமாகவே படுத்திருப்பார். துண்டைச் சற்று விலக்கி இடுக்கால் எட்டிப் பார்ப்பதால் பயனில்லை. அனுமதி கேட்டு, கழுத்தையும் மேல்மார்பையும் திறந்து, எஞ்சிய உடலைப் போர்வையால் மூட வேண்டும். நடுங்கும் தசையும் துடிப்பாகத் தோன்றி ஏமாற்றும். தலையணை தலைக்கு மட்டும். உடல் 45 பாகையில் சாய்ந்திருக்க, முகத்தைச் சிறிதளவே இடப்பக்கம் திருப்பலாம். அதிகம் திருப்பினால் பக்கவாட்டுத் தசை விறைத்து, அதன் அடியிலுள்ள உட்கழுத்து நாளத்தின் அசைவு மறையும். டோர்ச் வெளிச்சம் பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். “மூச்சைப் பிடிங்கம்மா” என்று சொல்லிவிடக் கூடாது. மூச்சை அடக்கி முக்கும் எவருக்கும் நாளம் புடைக்கும்.

தோலுக்கடியில் கயிறுபோல் தெரிவது வெளிக்கழுத்து நாளம். பார்ப்பதற்கு எளிதென்றாலும் அது வளைந்து செல்வது, இடையில் நெருக்குண்டு வீணே புடைக்கக்கூடியது. விறகுப் புகையில் காலங்கழித்து நாட்பட்ட சுவாசத்தடை கண்டவர்களில், வெளிச்சுவாசத்தின்போது மட்டும் அது புடைப்பதை இதயச் செயலிழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். இயன்றவரை, சோணையறைக்கு ஏறத்தாழ நேர்கோட்டிலுள்ள வலப்பக்க உட்கழுத்து நாளத்தையே நம்ப வேண்டும்.

நாளத் துடிப்பின் உச்சி வரையான உயரத்தை மார்புப்பட்டைக் கோணத்திலிருந்து (மார்பெலும்பின் மேற்பகுதியில் இரண்டாம் விலா சேரும் மேட்டிலிருந்து) செங்குத்தாக அளக்க வேண்டும். 45 பாகைச் சாய்வில் உடலின் வழியே 6 செ.மீ. என்று அளந்தது, செங்குத்தாக 4 செ.மீ.க்குச் சற்று மேல்தான். 3 செ.மீ.க்கு மேற்பட்டால் பொதுவாக உயர்வு எனலாம். சோணையறை அமுக்கத்தைப் பெற, பிரித்தானிய இதய மருத்துவர் தோமஸ் லூயிஸ் 1930இல் முன்வைத்த வழக்கப்படி அந்த உயரத்தோடு 5 செ.மீ. கூட்டுகிறோம், ஆனால் இந்தச் சாய்வில் சோணையறையின் நடு அதைவிட ஆழத்தில் இருப்பதால், விடை உண்மை அமுக்கத்தைவிடக் குறைவாகவே வரும். 10 செ.மீ. நீர் ஏறத்தாழ 7 மி.மீ. இரசம் என்பதை மறந்து அலகுகளைக் கலப்பதும் உண்டு. சூழலின் வளியமுக்கத்தோடு ஒப்பிட்டே நாம் அளப்பதால், மலை உயரத்துக்கென எதையும் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, துடிப்பு தெரியாதபோது “உயர்வில்லை” என்று எழுதுவது. இரத்த நிரலின் உச்சி காறை எலும்புக்குக் கீழே மறைந்திருக்கலாம். அல்லது தாடைக்கும் மேலே ஏறிப்போயிருக்கலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, காதுமடல் அசைகிறதா என்று பாருங்கள். தாழ்வு என்று சந்தேகித்தால் படுக்கவையுங்கள்.

கடுமையான குருதிச்சோகையுள்ள பெண்களில் சிரசு நாடி (தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி) துள்ளுவதை நாளம் என எண்ணுவோரும் உளர். இதயம் சீராகத் துடிக்கையில் நாளம் ஒவ்வொரு துடிப்புக்கும் இருமுறை அசையும்; வெளியே எழுவதைவிட உள்ளே சரிவதே எடுப்பாகத் தெரியும்; கழுத்தடியை மெல்ல அழுத்தினால் மறையும். வாதக்காய்ச்சலால் முக்கூர் வால்வும் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது) ஒழுகத் தொடங்கியவரிடம் இந்த இலக்கணம் தலைகீழாகும். அங்கே பெரிய வீ (v) அலை, அதாவது சோணையறை நிரம்பும்போது எழும் அலை ஒன்று நாடியோடு சேர்ந்தே வெளியே எழுவதால், அதை நாடி என்று விட்டுவிடுகிறோம். சாய்வை மாற்றும்போது அதன் உச்சியும் இடம் மாறும், நாடி மாறாது. கூடவே ஈரலில் துடிப்பிருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள்.

அலைகளின் நேரத்தை மணிக்கட்டு நாடியோடு ஒப்பிடக் கூடாது, அது பிந்தி வரும். இடப்பக்கச் சிரசு நாடியைத் தொட்டபடி பாருங்கள். அதற்குச் சற்று முன், சோணையறை சுருங்கும்போது எழுவது ஏ (a) அலை. சோணையறை ஒழுங்காகச் சுருங்காத சோணையறை நடுக்கத்தில் அது இராது, ஆகவே அங்கே “உயர்ந்த ஏ அலை” என்று எழுதுவது பிழை. முழு இதயத் தடையில் (மேலறையின் மின்தூண்டல் கீழறையை எட்டாத நிலையில்) இடையிடையே பாய்ந்தெழும் ஏ அலையை, சில துடிப்புகளோடு நிறுத்திக்கொள்பவர் தவறவிடுவார். உட்சுவாசத்தில் நாளம் தாழாமல் உயர்ந்தால் இதயவுறை இறுக்கத்தை நினைக்க வேண்டும். உயர்ந்தும் துடிப்பே இல்லையெனில் மேற்பெருநாள (தலை, கைகளிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய நாளத்தின்) அடைப்பை நினையுங்கள்.

நோயாளியை மேலிடத்துக்கு அனுப்பும் கடிதத்தில் “கழுத்து நாளம் உயர்வு” என்ற மூன்று சொற்கள் போதா, எத்தனை செ.மீ., எந்தச் சாய்வில், எந்த அலை பெரிது என்று எழுதினால்தான் பெற்றுக்கொள்பவர் மறுநாள் பார்த்து ஒப்பிட முடியும்.