குன்னூரில் நீராவி என்ஜின் பார்க்கப் போகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காலை ரயிலுக்கு அரை மணி நேரம் முன்பே குன்னூர் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தால் 2 மணி நேரம் செல்லும், அது தாராளம்.

ரயில் வந்ததும் கூட்டம் முன்பக்கம் ஓடும். நீங்கள் கடைசிப் பெட்டிக்குப் போங்கள். மலையேறும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும், இழுக்காது. 1899-ல் இந்தப் பாதை திறந்த நாளிலிருந்து கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளங்களின் மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது. 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரும் இடங்களில் என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துத்தான் ஏறுகிறது.

என்ஜினின் பக்கவாட்டை நிதானமாகப் பாருங்கள். சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். ஒன்று சாதாரணச் சக்கரத்துக்கு, இன்னொன்று பல்சக்கரத்துக்கு. ஏற்றத்தில் ஒரே நீராவி இரண்டிலும் வேலை செய்கிறது. நான் முதல்முறை இதைக் கவனித்தபோது கேமராவை எடுக்கவே தோன்றவில்லை. எண்ணெயும் ஈர இரும்பும் கலந்த சூடான வாசனை, சக்கரத்தைச் சுழற்றும் ராடில் வழியும் நீர்த்துளி, இவற்றுக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

அப்புறம், பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்மேன்களையும் பாருங்கள். கொடி சைகை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவது அழகு.

இங்கே நீராவி என்ஜின் கழன்று, ஊட்டிக்கு டீசல் என்ஜின் பூட்டுவார்கள். அந்த நேரத்தில் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். படம் பிளாட்பாரத்திலிருந்தே நன்றாக வரும்.