பண்டைய கிரேக்க ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி?

சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையில் செலினூஸ் என்று ஒரு பழைய கிரேக்க நகரம். கிரேக்கத்தில் 'நூஸ்' என்றால் மனம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய புதிதில், பெயரைச் செலி, நூஸ் என்று வெட்டி, 'ஏதோ ஒரு மனத்தின் ஊர்' என்று நோட்டில் எழுதி வைத்தேன். சுத்தத் தப்பு.

படி 1: எழுவாய் வடிவத்தை நம்பாதீர்கள், ஆறாம் வேற்றுமையைத் தேடுங்கள். 'மரம்' உருபு ஏற்றால் 'மரத்தை' ஆகிறதல்லவா? கிரேக்கப் பெயரும் அப்படித்தான், உருபு சேரும்போதுதான் அடிச்சொல்லைக் காட்டும். செலினூஸின் ஆறாம் வேற்றுமை செலினூந்தொஸ். மனம் என்ற 'நூஸ்' ஆக இருந்தால் 'நூ' என்று முடிந்திருக்கும். இந்த 'ஊந்த்', 'நிறைய உள்ள' என்று பொருள்தரும் விகுதி. அதைக் கழற்றினால் கிடைக்கும் சொல் செலினொன், அதாவது காட்டுச் செலரி. செலரி மண்டிய இடம்! கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஊர்க்காரர்கள் வெள்ளிக்காசில் செலரி இலையைப் பொறித்தார்கள். காசின் படத்தைப் பார்த்த அன்றுதான் நோட்டில் எழுதியதை அடித்தேன்.

படி 2: குறில் நெடில் பாருங்கள். மரதொன் என்றால் பெருஞ்சீரகம். மரதோன் என்றால் அது வளரும் இடம், நாம் மாரத்தான் என்கிறோமே, அதே ஊர். ஒ, ஓ இரண்டும் தமிழில் தனித்தனி எழுத்தாக இருப்பது இங்கே பெரிய வசதி.

படி 3: தீரின்ஸ் என்ற ஊரின் ஆறாம் வேற்றுமை தீரிந்தொஸ். ஒளிந்திருந்த 'ந்த்' வெளியே வந்துவிட்டதா? கொரிந்து நகரின் கிரேக்கப் பெயரான கொரிந்தொஸிலும் அதுவே. கிரேக்கர் வருவதற்கு முன்பே அங்கே வழங்கிய மொழியின் எச்சம் இது என்பார்கள். இங்கே கிரேக்கப் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

வேற்றுமை அட்டவணைக்கு ஆங்கில விக்சனரி என்ற இணைய அகராதியே எனக்குப் பிடித்தது. ஆனால் ஒன்று, 'பண்டைய கிரேக்கம்' (Ancient Greek) என்ற தலைப்பின் கீழ்தான் பார்க்க வேண்டும். ஏதென்ஸ் பழைய மொழியில் அதேனாய், பன்மை. இன்றைய மொழியில் அதீனா, ஒருமை.

பின்சேர்க்கை: "செலினூந்தொஸிலும் 'ந்த்' இருக்கிறதே, அதுவும் பழைய எச்சமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தமிழில் எழுதியதால் வந்த குழப்பம் அது. செலினூந்தொஸில் இருப்பது டௌ (τ) என்ற எழுத்து, தீரிந்தொஸில் இருப்பது தீட்டா (θ). நமக்கு இரண்டுமே 'த'. அதனால் விகுதியைப் பிரிக்கும் முன் கிரேக்க எழுத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.